மின்வண்டிகள் வரும் தெருவுக்குப் பொறுப்பேற்கும் இளம் பொறியாளருக்கு



சென்னையில் மின்வாரியத்தின் ஒரு செக்‌ஷன் ஆபீஸுக்கு உதவிப் பொறியாளராக வருபவரிடம் ஊரே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எல்லாரும் எலக்ட்ரிக் வண்டி வாங்கிவிட்டால் கரண்ட் போதுமா?" 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாநிலக் கணக்கைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கணக்கு தெருமுனை டிரான்ஸ்பார்மரில் தொடங்குகிறது.

2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பெரிய லோடுதான். ஆனால் இடம் ஒன்று. எந்தப் பஸ் எப்போது சார்ஜில் நிற்கும் என்று உட்கார்ந்து பேசி முடிவுசெய்துகொள்ளலாம். வீடுகளில் அப்படிப் பேச முடியாது.

வீட்டில் மாட்டும் 7.2 கிலோவாட் கார் சார்ஜர் ஒரே ஃபேஸில் சுமார் 32 ஆம்பியர் இழுக்கும். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒரு ஃபேஸுக்கு முழு லோடில் தருவது ஏறக்குறைய 133 ஆம்பியர். தெருவில் ஐந்து கார்கள், ஐந்தும் ஆர் ஃபேஸில் என்றால் 160 ஆம்பியர் ஆகிவிடும். ஏசியும் தண்ணீர் மோட்டாரும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. மற்ற இரண்டு ஃபேஸிலும் இடம் இருக்கும்போதே ஆர் ஃபேஸில் ஃபியூஸ் போகும். மொத்த லோடை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவருக்கு இது கண்ணில் படாது. மே மாதத்தில், இரவு பத்து மணிக்கு, வயர்மேனைக் கூட்டிக்கொண்டு, டாங் டெஸ்டரோடு பில்லர் பாக்ஸுக்குப் போங்கள். மூன்று ஃபேஸோடு நியூட்ரலையும் அளந்து எழுதி வையுங்கள்.

ஃபியூஸ் போனால் ஐந்து நிமிடத்தில் போன் வந்துவிடும். டிரான்ஸ்பார்மருக்குள் சுருளைச் சுற்றியிருக்கும் காகிதம் நைந்துபோவதை யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். சாதாரணக் காகிதம் 98 டிகிரி வரை தாங்கும் என்பது கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் அது மூப்படையும் வேகம் இரட்டிப்பாகும். நள்ளிரவு தாண்டி லோடு இறங்கும்போது எண்ணெய் ஆறுவதால்தான் பல டிரான்ஸ்பார்மர்கள் கோடையைத் தாண்டுகின்றன. ஏசியோடு காரும் சேர்ந்து விடியவிடிய ஓடினால் அந்த ஓய்வு கிடைக்காது.

நேரத்துக்கேற்ற கட்டணம் கைகொடுக்கும். ஆனால் பத்து மணிக்கு விலை குறைகிறது என்றால் எல்லா டைமரும் சரியாகப் பத்துக்கே விழித்துக்கொள்ளும். பிரிட்டன் இதற்கு விதியே போட்டது: 2022 ஜூன் 30 முதல் அங்கே விற்கப்படும் வீட்டு சார்ஜர்கள், ஒன்றோடொன்று மோதாமலிருக்க, பத்து நிமிடம் வரை ஆளுக்கொரு அளவு தாமதித்துத் தொடங்க வேண்டும். இங்கே அதைவிட நல்ல வழி பகல் வெயில். 2023-இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளே சூரிய ஒளி நேரத்துக்குக் குறைந்தது 20 சதவீதம் கட்டணம் குறைக்கச் சொல்கின்றன. ஓ.எம்.ஆர். அலுவலகங்களின் பார்க்கிங்கில் பகலெல்லாம் சும்மா நிற்கும் கார்களைப் பகலிலேயே சார்ஜ் ஏற்றப் பழக்க வேண்டும்.

அடுக்குமாடிச் சங்கத்திலிருந்து 20 கார்களுக்கு 140 கிலோவாட் கூடுதல் லோடு கேட்டு விண்ணப்பம் வரும். உடனே புது டிரான்ஸ்பார்மருக்கு எஸ்டிமேட் போட்டுவிடாதீர்கள். நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் காருக்குச் சுமார் 6 யூனிட் போதும். இருபதுக்கும் சேர்த்து 120 யூனிட்; எட்டு மணி நேரத்தில் பிரித்தால் சராசரி 15 கிலோவாட். இருக்கும் லோடைக் கார்களுக்குள் பகிர்ந்து கொடுக்கும் கருவிகள் கடையிலேயே கிடைக்கின்றன. சங்கத்துச் செயலாளரை அழைத்து, அவர் கண்ணெதிரே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்; அதன்பிறகு எஸ்டிமேட்டை எடுங்கள்.