அறிவியல் அறிவோம்: கம்பத்தை முறித்த மழை

போன வாரம் சயின்ஸ் டீச்சர் ஒரு படம் காட்டினாங்க. பெரிய பெரிய மின்கோபுரங்கள் மடிந்து விழுந்து கிடந்தன. "புயலா மிஸ்?" என்று கேட்டேன். "இல்லம்மா, மழை" என்றார்கள். நான் நம்பவே இல்லை. அதனால்தான் படித்துப் பார்த்து இதை எழுதுகிறேன்.

இடம் கனடா நாட்டின் கியூபெக் மாகாணம். 1998 ஜனவரி 5 முதல் 10 வரை. அப்போது மேலே கொஞ்சம் வெப்பமான காற்று, தரையை ஒட்டி கடுங்குளிர்க் காற்று. மேலிருந்து விழும் பனி நடுவில் உருகி மழையாகிறது. கீழே உள்ள குளிர் அடுக்கு மெல்லியது. அதைக் கடக்கும் நேரத்துக்குள் துளி மறுபடி பனியாக முடியாது. 0 டிகிரிக்குக் கீழே போயும் தண்ணீராகவே இருக்கும். கம்பி, கிளை எதன்மேல் பட்டாலும் உடனே கட்டியாகிவிடும். இதுதான் உறைமழை.

மான்ட்ரியல் நகருக்குத் தெற்கே சில இடங்களில் சுமார் 100 மி.மீ. பெய்தது. நம்ம ஊர் ஐப்பசி மழைக்கு இது ஒன்றும் பெரிசு இல்லை. ஆனா நம்ம மழை ஓடிப்போயிடும், அது கம்பியிலேயே உட்கார்ந்துகொண்டது. அந்தப் பாரத்தில் சுமார் 1000 இரும்புக் கோபுரங்களும் 30,000-க்கு மேற்பட்ட மரக் கம்பங்களும் சாய்ந்தன. 30 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கரண்ட் இல்லை. சிலருக்கு ஒரு மாதம் வரை இல்லை.

கரண்ட் போனால் நமக்கு ஃபேன் ஓடாது, அவ்வளவுதான். அங்கே பெரும்பாலான வீடுகளில் ஹீட்டரே கரண்டில்தான் ஓடும். பள்ளிகளை மூடினார்கள். லீவு என்றதும் முதலில் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்திலேயே, முகாம் கட்டிலில், தெரியாதவர்கள் பக்கத்தில் படுத்துத் தூங்கினார்கள். விறகு அடுப்பு உள்ள வீட்டில் அக்கம்பக்கத்தார் எல்லாம் ஒன்றாகத் தங்கினார்கள். ராணுவத்தினர் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள்.

சிலர் குளிர் தாங்காமல் கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் மூடிய வீட்டுக்குள் வைத்தார்கள். அதில் சில பேர் இறந்தே போனார்கள். காற்று போதாமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துவிடும். முதலில் தலைவலி, வாந்தி, அப்புறம் மயக்கம். தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

இதைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. போன மார்கழியில் எங்க ஆயாவுக்குக் குளிருது என்று சட்டியில் கரி நெருப்பு போட்டுக் கட்டில் பக்கத்தில் வைத்து, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தினோம். காலையில் ஆயாவுக்குத் தலைவலி, வாந்தி. பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுத்தோம்! சட்டியை வைத்தது நான்தான்.

நேற்று ராத்திரி அந்தச் சட்டியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். ஆயா, "குளிருதேடி, படிக்கிற திமிரா உனக்கு?" என்று திட்டினாங்க. என் போர்வையையும் சேர்த்துப் போர்த்திவிட்டு, ஆயா பக்கத்திலேயே ஒட்டிப் படுத்துக்கொண்டேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி