பேக்ட் பீன்ஸ்: முதலில் வேகட்டும், பிறகு இனிக்கட்டும்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குக் கோடையில் போய்வரும் பெற்றோருக்கு இந்தப் பண்டம் பழக்கமாகியிருக்கும். மே மாதக் கடைசித் திங்களன்று வரும் நினைவு நாள், ஜூலை 4, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் நாள் என்று விடுமுறை வந்தால் போதும், அங்கே வீட்டுக் கொல்லையில் கரி அடுப்பு மூட்டி, உற்றார் நண்பர்களோடு கூடி உண்பார்கள். இதற்குக் 'குக்-அவுட்' என்று பெயர். சுட்ட இறைச்சிக்கும் மக்காச்சோளத்துக்கும் பக்கத்தில், கரும்பழுப்பு நிறத்தில், இனிப்பும் புகை மணமுமாக ஒரு பெரிய பாத்திரம் இருக்கும். அதுதான் பேக்ட் பீன்ஸ்.

இம்மாதச் சமையல் பாடத்துக்கு இதை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தில்லிக்கு வந்த பிறகு நம் வீடுகளில் வாரம் ஒரு முறையாவது வேகிற ராஜ்மாவும் இந்தப் பீன்ஸும் ஒரே இனம். அறிவியல் பெயர் பேசியோலஸ் வல்காரிஸ். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் வழியாக உலகெங்கும் பரவியது. ஆகவே இந்த ஒரு பண்டத்தைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டால், ராஜ்மா ஏன் சில நாள் வேகாமல் அடம் பிடிக்கிறது, எப்போது வயிற்றைக் கெடுக்கும் என்பதும் விளங்கிவிடும்.

பாஸ்டனில் வளர்ந்த கதை

வடகிழக்கு அமெரிக்காவில், மெய்ன் மாநிலப் பகுதியில், குழி வெட்டி நெருப்பு மூட்டி, தணலின் நடுவே பீன்ஸ் பானையை இறக்கி, மண்ணால் மூடி இரவு முழுவதும் வேகவிடும் முறை உண்டு. பெனாப்ஸ்காட் என்னும் பழங்குடியினரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் முறை இது. பின்னால் மரம் வெட்டும் முகாம்களிலும் இதுவே வழக்கமாயிற்று.

பாஸ்டன் நகரில் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்களுக்குச் சனிக்கிழமை மாலை முதல் ஞாயிறு மாலை வரை ஓய்வு நாள். வேலை செய்யக் கூடாது. ஆகையால் சனிக்கிழமையே பானையை அடுப்புக்குள் வைத்துவிடுவார்கள். மறுநாளும் சூடாக இருக்கும். பாஸ்டனுக்குப் 'பீன் டவுன்' என்ற பட்டப்பெயர் வந்தது இந்தப் பண்டத்தால்தான்.

இனிப்புக்கு அவர்கள் சேர்த்தது மொலாசஸ், அதாவது கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்த பின் மிஞ்சும் கரும்பாகு. கரீபியன் தீவுகளில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் உழைத்த கரும்புத் தோட்டங்களிலிருந்து அது பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கியது. பெரும்பகுதி ரம் என்னும் மதுவாகக் காய்ச்சப்பட்டது. கொஞ்சம் அடுக்களைக்கு வந்தது. இந்த இனிப்பின் பின்னால் அந்தக் கண்ணீரும் உண்டு என்பதை மறக்கலாகாது.

இனிப்பு செய்யும் வேலை

இரவெல்லாம் அடுப்பில் இருந்தும் அந்தப் பீன்ஸ் ஏன் கரைந்து கூழாகவில்லை? இங்கேதான் பாடம் இருக்கிறது.

பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்னும் பசை. அது கரைந்தால் பருப்பு மெத்தென்று ஆகும். புளிப்பும் கால்சியமும் அந்தப் பசையை இறுக்கிவிடும். சர்க்கரையும் பருப்பு மென்மையாவதைத் தாமதப்படுத்தும். மொலாசஸில் இம்மூன்றுமே இருக்கின்றன. தக்காளியிலும் வினிகரிலும் புளிப்பு இருக்கிறது. ஆகவே நன்றாக வெந்த பீன்ஸில் பாகைச் சேர்த்தால், எத்தனை மணி நேரம் அடுப்பில் இருந்தாலும் மணி மணியாக நிற்கும். அரைவேக்காட்டில் சேர்த்தாலோ, விடிய விடிய வைத்தாலும் நடுவில் கல் மாதிரி இருக்கும்.

ராஜ்மாவுக்குத் தக்காளியை முதலிலேயே போட்டுவிட்டு, "கடைக்காரர் பழைய சரக்கைக் கொடுத்துவிட்டார்" என்று நொந்துகொள்பவர்கள் இதைக் கவனிக்கவும். பழைய சரக்கு வேகாது என்பதும் உண்மைதான். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கால்சியம் அதிகம் என்பதால் அதுவும் தடையே. ஊறவைக்கவும் வேகவைக்கவும் வடிகட்டிய குடிநீரையே பயன்படுத்துங்கள்.

உப்பு போட்டால் பருப்பு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ராஜ்மா விஷயத்தில் நேர்மாறு. ஊறவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 15 கிராம் சாதாரண உப்புப் போட்டால் தோல் மென்மையாகும். சமையல் சோடாவும் மென்மையாக்கும். ஆனால் அளவு மிஞ்சினால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் அழியும். ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

கொதிக்காத ராஜ்மா விஷம்

பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு புரதம் இருக்கிறது. சிவப்பு ராஜ்மாவில் மிக அதிகம். வெள்ளையில் குறைவு, ஆனாலும் உண்டு. சரியாக வேகாத நாலைந்து மணிகளைத் தின்றாலே, 1 முதல் 3 மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் அதைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கும் வரக்கூடும். கொதிநிலைக்குக் கீழே, 80 டிகிரி போன்ற சூட்டில் வெகுநேரம் வைத்தால் இந்த நஞ்சு அழிவதற்குப் பதில் பச்சைப் பருப்பில் இருப்பதைவிடப் பல மடங்கு வீரியம் பெறலாம்.

'ஸ்லோ குக்கர்' என்னும் மின்சாரப் பானையில் ஊறிய ராஜ்மாவை நேராகப் போட்டு மெல்லிய சூட்டில் விடுவது இதனால்தான் ஆபத்து. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 10 நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 30 நிமிடம் என்கிறது, அதையே பின்பற்றலாம். பிரஷர் குக்கரில் முழுவதும் வேகவைப்பவர்களுக்குப் பயமில்லை. அதன் சூடு 120 டிகிரியை எட்டும்.

செய்முறை (10 பேருக்கு)

வேண்டியவை: சின்ன வெள்ளை ராஜ்மா 500 கிராம், கருத்த வெல்லம் 150 கிராம், வெங்காயம் 2, தக்காளி விழுது அரை கப், கடுகுப் பொடி 2 டீஸ்பூன், மிளகாய்ப் பொடி 1 டீஸ்பூன், மிளகுப் பொடி அரை டீஸ்பூன், வினிகர் 1 மேசைக்கரண்டி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு தேவைக்கு.

சர்க்கரை ஆலையில் கிடைக்கும் கழிவுப்பாகை வாங்கவேண்டாம். அது மாட்டுத் தீவனத்துக்கும் சாராயத்துக்கும் போவது. கருத்த வெல்லமோ ஊரிலிருந்து வந்த கருப்பட்டியோ போதும். வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக்கொள்ளுங்கள்.

1. ராஜ்மாவை உப்புத் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கொட்டிக் கழுவுங்கள்.

2. புதுத் தண்ணீரில் 30 நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு அடுப்பைத் தணித்து வேகவிடுங்கள். ஒரு கரண்டியில் நாலு மணிகளை எடுத்து ஊதிப் பாருங்கள்; தோல் சுருண்டு பிரியும். இது பாஸ்டன் பாட்டிமார் கைமுறை. நான் அதோடு நிறுத்துவதில்லை. விரலால் நசுக்கி, நடுவில் கட்டி இல்லை என்று உறுதி செய்த பிறகே பாகைத் தொடுவேன்.

3. வெந்த தண்ணீரைத் தனியே வடித்து வையுங்கள். அடி கனமான பாத்திரத்தில் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, தக்காளி விழுது, பொடிகள், வெல்லப்பாகு, உப்பு சேர்த்து 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ராஜ்மாவைப் போட்டு, அது மூழ்கும் அளவுக்கு வடித்த தண்ணீர் விடுங்கள். ஊறவைத்த உப்பு கொஞ்சம் ஏறியிருக்கும். சுவை பார்த்து உப்புப் போடவும்.

4. அவனில் 150 டிகிரியில், மூடி போட்டு இரண்டரை மணி நேரம் வையுங்கள். 45 நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து, வற்றியிருந்தால் வெந்நீர் சேர்க்கவும். பிறகு மூடியை எடுத்து அரை மணி நேரம். மேலே கருத்துப் பளபளப்பாக வரும். அவன் இல்லாதவர்கள் தோசைக்கல்லின் மேல் பாத்திரத்தை வைத்து, மிகச் சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வைக்கலாம். இறக்கியதும் வினிகர்.

புகை மணம்

அங்கே புகை மணம் பன்றி இறைச்சியிலிருந்தும், கரி அடுப்பில் போடும் ஹிக்கரி மரத்துண்டிலிருந்தும் வருகிறது. நம் வழி இங்கேயே இருக்கிறது. வட இந்தியர்கள் 'துங்கார்' என்பார்கள். ஒரு துண்டு மரக்கரியைச் சிவக்கச் சுட்டு, சிறு கிண்ணத்தில் இட்டு, கிண்ணத்தைப் பாத்திரத்தின் நடுவே வைத்து, கரியின் மேல் அரை ஸ்பூன் நெய் விட்டு, உடனே இறுக மூடுங்கள். 5 நிமிடம் போதும், அதிகமானால் கசக்கும். நிலக்கரியும், பெட்ரோலியத்தில் நனைத்த கரிக்கட்டிகளும் கூடாது. பால்கனியிலோ ஜன்னல் திறந்த இடத்திலோ செய்யுங்கள். குளிருக்குக் கதவடைத்த அறையில் கரித்தணல் வைத்து, கார்பன் மோனாக்சைடால் உயிர் போன செய்திகளை வட இந்தியக் குளிர்காலங்களில் படித்திருப்பீர்கள்.

பரிமாறும்போது

தில்லியில் ஜூன் மாதம் வெளியில் அடுப்பு மூட்ட யாருக்கும் துணிவு வராது. நமக்கு ஏற்ற காலம் டிசம்பர், ஜனவரி. எந்த ஊரானாலும், சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

சைவ அன்பர்கள் அமெரிக்காவில் இதைச் சாப்பிடுமுன் கேட்டுவிட்டுத் தொடுங்கள். பார்வைக்கு வெறும் பயறுதான். பெரும்பாலும் உள்ளே பன்றிக் கொழுப்போ பேக்கனோ இருக்கும். டின்னில் வாங்கினாலும் அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். அடுத்த முறை அங்கே போகும்போது நீங்களே ஒரு பானை செய்து வைத்தால், பேரக் குழந்தைகளும் அவர்களுடைய நண்பர்களும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிடலாம்.