ஆக்சிஜனுக்கும் அளவு உண்டு

உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை பெறுவோரின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஆக்சிஜன் நல்லதுதானே, நடுவில் ஏன் முகமூடியைக் கழற்றச் சொல்கிறீர்கள்?” அந்த ஐந்து நிமிட இடைவேளையும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

அழுத்தமும் நேரமும்

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு. இந்த விழுக்காட்டை மொத்த அழுத்தத்தால் பெருக்கினால் கிடைப்பது ‘பகுதி அழுத்தம்’. உடல் உணர்வது இதையே. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் கூடுகிறது. ஆக்சிஜன் செறிவூட்டப்பட்ட ‘நைட்ராக்ஸ்’ கலவையைச் சுவாசித்து மூழ்குவோர், பகுதி அழுத்தம் 1.4 பாரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கின்றனர். 32 விழுக்காடு கலவையெனில் ஏறத்தாழ 33 மீட்டரும், 36 விழுக்காடு எனில் ஏறத்தாழ 28 மீட்டரும் அவர்களுக்கு எல்லை. எல்லை மீறினால் வலிப்பு வரலாம். நீருக்கடியில் வலிப்பு வந்தால் மூழ்கி இறக்க நேரிடும்.

சிகிச்சை அறையிலோ 2 முதல் 2.4 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் தருகிறோம். இது மூழ்குவோரின் எல்லையைவிட அதிகம். ஆயினும் நோயாளி நீரில் இல்லை. உடலுழைப்பின்றி ஓய்வாக இருக்கிறார். அருகே பயிற்சி பெற்ற பணியாளர் இருக்கிறார். இடைவேளைகளில் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பதால் மூளையும் நுரையீரலும் மீள்கின்றன.

‘நேற்று ஒன்றும் ஆகவில்லையே’

அழுத்த ஆக்சிஜனால் வலிப்பு வரும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878இல் விளக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையில் கென்னத் டொனால்டு நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 21 மீட்டர் ஆழத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்த ஒரே மனிதருக்கு, ஒரு நாள் 7 நிமிடத்திலேயே அறிகுறி தோன்றியது. மற்றொரு நாள் 148 நிமிடம் தாக்குப்பிடித்தார். ஆகவே முந்தைய அமர்வு நன்றாக முடிந்தது என்பதற்காக இன்றைய அமர்வில் இடைவேளையைத் தவிர்க்க இயலாது.

உடனே சொல்ல வேண்டியவை

• உதடு அல்லது கன்னம் துடித்தல்
• காதில் இரைச்சல்
• பார்வை குறுகிப் போதல்
• குமட்டல், தலைசுற்றல்
• காரணமற்ற பதற்றம்

இவற்றில் ஒன்று தோன்றினாலும் பணியாளரிடம் தெரிவியுங்கள். சில வேளை எந்த முன்னறிகுறியும் இன்றி வலிப்பு வரக்கூடும். ஆக்சிஜனை நிறுத்தியதும் அது பெரும்பாலும் பாதிப்பு எதுவும் இன்றி அடங்கிவிடும்.

அமர்வுக்கு முன்

காய்ச்சல், முன்பு வந்த வலிப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றை மறைக்காமல் கூறுங்கள். நீரிழிவு நோயாளிகள் உணவு உண்ணாமல் வர வேண்டாம். இரத்தச் சர்க்கரை குறைந்தாலும் வலிப்பு வரும்.

இதைப் படித்துவிட்டு, வீட்டில் பயன்படுத்துமாறு மருத்துவர் கூறிய ஆக்சிஜனை அச்சத்தால் குறைத்துவிட வேண்டாம். அது இயல்பான அழுத்தத்தில் தரப்படுவது. இந்த வலிப்பு அதனால் வருவதில்லை. அதன் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமெனில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.