கோல்ஃப் ஜிடிஐ காருக்குப் புதிய சைலன்சர்: முழுமையான வழிகாட்டி

1976-இல் ஃபோக்ஸ்வாகன் விற்பனைக்கு விட்ட முதல் கோல்ஃப் ஜிடிஐ 110 குதிரைசக்தி கொண்டது. 2013-இல் வந்த ஏழாம் தலைமுறை, 2 லிட்டர் டர்போ எஞ்சினால் 220 தருகிறது. பிரிட்டனில் இதைப் பழைய காராக வாங்குபவர்கள் பலர் முதலில் மாற்றுவது சைலன்சரைத்தான். வீட்டு வாசலிலேயே செய்துவிடக்கூடிய வேலை. துணைக்கு ஒருவரும், அவசரமில்லாத ஒரு முழு நாளும் வேண்டும்.

எதை மாற்றுகிறோம்?

டர்போவிலிருந்து வரும் புகை, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள டவுன்பைப் வழியாக நடு ரெசொனேட்டருக்கும், பின் சைலன்சருக்கும், கடைசியில் இரண்டு பக்க வாய்களுக்கும் போகிறது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ளதை மட்டும் மாற்றும் தொகுப்பு ‘கேட்-பேக்’. புதியவர் இதோடு நிற்க வேண்டும். ஆக்சிஜன் சென்சார்கள் இதற்கு முன்னாலேயே இருப்பதால் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியாது. கன்வெர்ட்டரும் அப்படியே இருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கேட்-பேக்கால் வேகம் கூடும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள். டர்போ காரில் புகையை அதிகம் தடுப்பது டர்போவும் டவுன்பைப்பும்தான். இங்கே கிடைப்பது ஒலியும், கொஞ்சம் எடைக் குறைவும், துருப்பிடிக்காத குழாயும். 304 ரக எஃகில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். விலை குறைந்த 409 ரகத்தில் குரோமியம் 11 சதவீதம் அளவுதான். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊரில் 304-க்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண்போகாது.

ஒலியைத் தேர்ந்தெடுத்தல்

ரெசொனேட்டர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை விற்பார்கள். முதல் முறை வாங்குபவருக்கு ரெசொனேட்டர் உள்ளதே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 2,500 சுற்றில் அது நொடிக்கு 83 அதிர்வு. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக எஞ்சின் ஓடுவது அந்த வட்டாரத்தில்தான். ரெசொனேட்டர் இல்லாவிட்டால் அந்தத் தாழ்ந்த ரீங்காரம் காருக்குள் நிறைந்து தலைவலியாகிவிடும். கடையில் ஆக்சிலரேட்டரை மிதித்துக் காட்டும்போது இது தெரியாது. அதே தொகுப்பு பூட்டிய காரில் நெடுஞ்சாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இந்தக் காரில் உள்ளே கேட்கும் உறுமல் முழுவதும் சைலன்சரிலிருந்து வருவதல்ல. முன் கண்ணாடிக்குக் கீழே ‘சவுண்டாக்டர்’ என்ற அதிர்வுக் கருவி அதில் ஒரு பங்கை உண்டாக்குகிறது. புதிய குழாயின் உண்மையான குரல் வேண்டுமானால் அதை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

சட்டமும் காப்பீடும்

புகை ஒலி கூடும்படி சைலன்சரை மாற்றுவதை பிரிட்டனின் 1986-ஆம் ஆண்டு வாகன விதிகள் தடுக்கின்றன. ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையிலும் அளவுக்கு மீறிய சத்தம் தோல்விக்குக் காரணமாகும். அதனால் ‘ஈ’ ஒப்புதல் முத்திரை உள்ள தொகுப்பையே வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள்; மறைத்தால் விபத்து நேரத்தில் இழப்பீடு கைக்கு வராமல் போகலாம்.

காரைத் தூக்குதல்

முந்தைய நாளே போல்ட், நட்டுகளில் துருநீக்கி எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். குழாய் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சமமான கெட்டித் தரையில், பக்கவாட்டு அடிவிளிம்பில் குறியிட்ட இடங்களில் ஜாக் வைத்துத் தூக்கி, நான்கு ஆக்சில் ஸ்டாண்டுகளில் காரை உட்கார வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டில் வைத்தபின் காரைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். அசையாமல் இருந்தால் படுக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

பழையதைக் கழற்றுதல்

குழாய்க்குக் கீழே குறுக்காகப் போல்ட் போட்ட தகடுகளை முதலில் எடுங்கள். கம்பெனிக் குழாய் ஒரே துண்டாக, பின் சஸ்பென்ஷனுக்கு மேலே வளைந்து போகிறது. அப்படியே முழுதாக உருவுவது கடினம். பழுது பார்க்க வசதியாக ஃபோக்ஸ்வாகனே குழாயைச் சுற்றி அழுத்தக் குறிகள் போட்டிருக்கும். நடுக்குறிதான் வெட்டும் இடம். ஆக்சா பிளேடால் அங்கே நேராக அறுங்கள். பிற்காலத்தில் ஒரு கிளாம்ப் போட்டு இரண்டு துண்டையும் மீண்டும் இணைத்துவிடலாம்.

ரப்பர் ஹேங்கர்களில் சிலிகான் ஸ்ப்ரே அடித்தால் எளிதாகக் கழலும். பின் சைலன்சர் எடை கூடியது. கடைசி ஹேங்கரைக் கழற்றும்போது துணை ஆள் அதைத் தாங்கிக்கொள்ளட்டும்.

புதியதைத் தொங்கவிடுதல்

வேலையின் தரம் முடிவாவது இந்தக் கட்டத்தில். முன்குழாயில் தொடங்கி, ரெசொனேட்டர், சஸ்பென்ஷன் மேல் வளைவு, பின் சைலன்சர் என்று வரிசையாக மாட்டுங்கள். ஒவ்வொரு கிளாம்பும் கையால் திருகிய அளவிலேயே இருக்கட்டும். பந்தல் போடுகிறவர்கள் எல்லாக் கால்களையும் நட்டு நிமிர்த்திய பிறகே கயிற்றை இறுக்குவார்கள். இங்கும் அதே முறை. முதல் கிளாம்பை அவசரப்பட்டு இறுக்கினால், அங்கே அரை டிகிரி திரும்பியது வால்பகுதியில் ஒரு விரற்கடைக் கோணலாக வந்து நிற்கும்.

குழாய்களை முனையில் உள்ள வெட்டுப் பிளவு மறையும்வரை ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். பிறகு காருக்குப் பின்னால் நின்று, இரு வாய்களும் பம்பரின் வெட்டுக்கு நடுவில், ஒரே உயரத்தில், ஒரே அளவு வெளியே நீட்டியபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹேங்கர் ரப்பர்கள் இழுபடாமல், முறுகாமல் தொங்க வேண்டும்.

அடுத்து இடைவெளி. எஃகு சூட்டில் நீளும். 3 மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் சுமார் 15 மில்லிமீட்டர் கூடும். எஞ்சினும் தன் இடத்தில் ஆடும். எனவே வெப்பத் தகடு, சஸ்பென்ஷன், பிரேக் கேபிள், பம்பர் எல்லாவற்றுக்கும் குழாய்க்கும் நடுவே விரல் தாராளமாக நுழைய வேண்டும். குழாயைக் கையால் நாலாபுறமும் தள்ளிப் பாருங்கள். எதிலாவது தட்டினால் ஓடும்போது கடகடவென்று சத்தம் வரும். கிளாம்பின் போல்ட் முனை தரையைப் பார்க்காமல் திருப்பி வையுங்கள், வேகத்தடையில் உரசாது.

எல்லாம் சரியானதும் முன்னிருந்து பின்னாக, தொகுப்போடு வந்த தாளில் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

கசிவு சோதனை

ஓட்டுவதற்கு முன் பளபளப்பான குழாயைத் துடைத்துவிடுங்கள். கைரேகை சூட்டில் எஃகில் பதிந்துவிடும். திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, குழாய் சூடாகும் முன்பே ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தெளியுங்கள். குமிழி வந்தால் கசிவு. புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் சிறு கசிவையும் விட்டுவிடக்கூடாது. முதல் ஓட்டத்தில் லேசாக எண்ணெய்ப் புகை வரும், அது தானே நின்றுவிடும்.

நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடியபின், குழாய் ஆறியதும் கிளாம்புகளைத் திரும்ப இறுக்கி, வாய்கள் நேராக இருக்கின்றனவா என்று இன்னொரு முறை பாருங்கள். பழைய துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். காரை விற்கும்போது பலர் கம்பெனிச் சைலன்சரையே கேட்பார்கள்.