முரண்டு பிடிக்கும் மஹசீர்

தூண்டிலில் சிக்கிய பின்னும் எளிதில் வசப்படாத ஆற்று மீன் எது? நம் நாட்டில் பலரும் மஹசீர் என்பார்கள். இது பெரிய செதில் கொண்ட கெண்டை இனம். இமயத்து ஆறுகளிலும் காவிரியிலும் வாழ்வது.

அதன் வலுவுக்குக் காரணம் மூன்று. முதலாவது, வேகநீரை எதிர்த்து நீந்தி உரமேறிய தசை. இரண்டாவது, அகன்ற வால். மூன்றாவது, ஆற்றின் விசை. முள் தைத்ததும் மீன் நீரோட்டத்தோடு பாய்ந்தால், அதன் இழுவையோடு ஆற்றின் இழுவையும் நரம்பின்மேல் விழும். பாறையில் உரசினால் நரம்பு அறுந்துவிடும்.

1946-ல் மைசூர்ப் பகுதிக் கபினி ஆற்றில் பிடிபட்ட மஹசீரின் எடை 120 பவுண்டு; அதாவது சுமார் 54 கிலோ!

காவிரிக்கே உரிய திமில் மஹசீர், 2018 முதல் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வெடி வைத்துப் பிடிப்பதும், ஆற்றில் நீர் குறைவதும், வேற்றிட மஹசீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டதும் அதை ஒடுக்கின. நீலகிரி அடிவார மோயாற்றில் இன்னும் சில உள்ளன. அவற்றைக் காப்பது நம் கடமை.