பெண்மக்களின் பங்கு

"கலியாணத்திலே கொடுத்ததோடு மகளுக்குச் செய்ய வேண்டியது தீர்ந்தது" என்னும் பேச்சு நம் குடும்பங்களில் இன்றும் வழங்குகிறது. நகை, சீர், விருந்து என்று தகப்பனார் செலவிட்டதையெல்லாம் கூட்டி, அதுவே அவளுடைய பங்கு என்று சொல்லிவிடுகிறோம். காயல்பட்டணம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடே கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை அவ்வீட்டிற்கு வந்து வாழ்வார். பெண்ணுக்கு நிழல் தரும் நல்ல வழக்கம்தான். ஆயினும் வழக்கம் வேறு, வாரிசுரிமை வேறு.

ஹிஜ்ரி 3-இல் நடந்த உஹதுப் போரில் ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களுக்கு இரண்டு பெண்மக்கள். அவர்களுடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொள்ளவே, மனைவியார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். அதன்பின் வாரிசுரிமை பற்றிய வசனம் இறங்கிற்று. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டும், மனைவிக்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு அந்தச் சகோதரருக்குக் கட்டளையாயிற்று. இதைத் திர்மிதியில் காண்கிறோம். சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் பெண்களுக்கும் பங்குண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 7-ஆம் வசனம் தெளிவாகக் கூறுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கிள்ளானில் கடை வைத்திருந்த ஒருவர் மவுத்தாகிறார். பெற்றோர் இல்லை, மனைவி, இரண்டு ஆண்மக்கள், ஒரு மகள் இருக்கின்றனர். அடக்கச் செலவு, கடன், கொடுபடாத மஹர், வஸிய்யத்து ஆகியவை போக 400,000 வெள்ளி மிஞ்சுகிறது. மனைவிக்கு எட்டில் ஒன்றாக 50,000. மீதி 350,000-ஐ ஐந்து கூறாக்கினால், ஆண்மக்களுக்குத் தலைக்கு 140,000; மகளுக்கு 70,000. தகப்பனார் உயிரோடிருக்கையில் அவளுக்குக் கொடுத்த நகை அன்பளிப்பு. அது அப்போதே அவளுடையதாகிவிட்டது. அதை இந்த 70,000-இல் கழிக்க இடமில்லை.

"கடையை உடைத்தா கொடுப்பது?" என்று கேட்போர் உண்டு. உடைக்க வேண்டியதில்லை. சரக்கையும் நிலுவையையும் மதிப்பிட்டு, சகோதரியின் பங்கை அவள் சம்மதத்துடன் முதலாக வைத்து லாபம் கொடுக்கலாம். தவணையாகவும் கொடுத்துத் தீர்க்கலாம். அவளே விட்டுக்கொடுக்க விரும்பினால் அதற்கும் வழியுண்டு. ஆனால் தன் பங்கு எவ்வளவு என்று அறிந்த பிறகு, மனமுவந்து விட்டுக்கொடுக்க வேண்டும். முகத்தாட்சண்யத்துக்காகப் போடும் கையெழுத்து மனமொப்பிய விடுதலையாகாது.

ஊரிலுள்ள வயலுக்கும் இதே சட்டந்தான். இந்தியாவின் 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் செய்த திருத்தம் அதையும் சேர்த்துவிட்டது. ஆகவே, "நிலம் ஆண்பிள்ளைகளுக்கே" என்பது தமிழ்நாட்டில் சட்டமன்று.

இந்நாட்டில் ஷரீஅத் நீதிமன்றம் வாரிசுகளையும் அவரவர் பங்கையும் குறித்துச் சான்றிதழ் வழங்குகிறது. நிலமோ வீடோ அடங்கிய சொத்து மொத்தம் 50 லட்சம் வெள்ளிக்கு மேற்படாவிட்டால், 1955-ஆம் ஆண்டுச் சிறுசொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத்திலேயே மனுச் செய்யலாம். முன்பு 20 லட்சமாக இருந்த இவ்வரம்பு 2024 ஜூலையில் உயர்ந்தது.

வியாபாரிகளாகிய நாம் உயிரோடிருக்கும்போதே செய்ய வேண்டியவை சில உள. சொத்து, கடன், மஹர் பாக்கி ஆகியவற்றை எழுதிவைப்போம். சம்பளமின்றிக் கடையில் உழைக்கும் மகனுக்கு இன்றே சம்பளமோ கூட்டோ பேசி எழுதிவிடுவோம். பின்னாளில் "நான்தான் உழைத்தேன்" என்று தங்கையின் பங்கில் அவன் கைவைக்க வேண்டி வராது. அன்பளிப்புக் கொடுப்பதானால் மக்களிடையே நீதியாகக் கொடுப்போம். வஸிய்யத்து மூன்றில் ஒன்றைத் தாண்டலாகாது என்பதையும் நினைவிற் கொள்வோம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன அதே குர்ஆன்தான் மகளின் பங்கையும் வகுத்தது. வாடிக்கைக்காரருக்குச் சேர வேண்டிய பத்துக் காசைத் தேடிக் கொடுக்கும் நாம், மகளின் ஹக்கைக் கணக்கில் எழுதாமல் விடுவது முறையாகுமா?