பொருள்வயிற் பிரிவும் கல்வராயன் மலையும்

தலைவன் பொருள் தேடிப் பிரியும் பாலைத்திணைக்கு வேனிலையும் பின்பனியையும் உரிய காலமாகத் தொல்காப்பியம் வகுத்தது. இன்றும் அக்காலமே. கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலையில், மானாவாரி நிலத்துச் சாமையும் பிறவும் அறுவடையான பின் வேலை அரிது. மலையாளிப் பழங்குடியினர் பலர் கருநாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும் சில திங்கள் தங்கிவர இறங்கிச் செல்வர்.

வேங்கடம் கடந்து வேற்றுமொழி நாடு புக்க சங்கத் தலைவனுக்கும் இவர்க்கும் உள்ள வேற்றுமை ஒன்றனை நாம் நோக்குவோம். அவன் ஈட்டுவதற்குப் போயினான். இவருட் பலரோ, மேஸ்திரி தந்த முன்பணத்தை வீட்டிற் செலவிட்ட பின்னரே போகின்றனர். உண்ட கூலிக்கு உழைப்பவன், வேலை ஒவ்வாதாயினும் இடையில் மீள்வது எங்ஙனம்? அக்கடனைக் காட்டி ஒருவரைத் தடுத்து வைத்தலைக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் விலக்கிற்று. ஜாகீர்தாரின் ஆட்சி நீங்கி இம்மலை அரசின்கீழ் வந்ததும் அவ்வாண்டே என்பது வியப்பு! ஆயினும் பேசிய நாட்கூலி, பெற்ற முன்பணம், தோட்டத்தின் பெயர் இம்மூன்றும் ஒரு தாளில் எழுதப்படாதவிடத்து அச்சட்டத்தைத் துணைக்கழைத்தல் எளிதன்று.

வேலை இன்னதென்று சொல்லாது மிகுபணம் காட்டி அழைக்கும் தரகரும் உளர். செம்மரம் வெட்டச் சென்றோர் எனப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர், 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் காவலராற் சுடப்பட்டு இறந்தனர். அக்காடு அவ்வேங்கடத்தைச் சூழ்ந்ததே.